நெறியுடையும் மங்கையர் மெய்யளவும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் பழமொழி. ஆளின் மதிப்பை ஆடை உயர்த்தும் என்பதே அதற்கு வழக்கமாகக் கூறப்படும் பொருள். ஆயினும், உடலைக்கொண்டு பயிலும் கலைகளிலே இப்பழமொழிக்கு வேறுமொரு பொருள் உண்டு. அங்கே ஆடை அழகுக்கு உரியதன்று, அது கருவி. தச்சனுக்கு உளி எத்தகையதோ, யூடோ பயில்வோருக்கு அவர் அணியும் சட்டை அத்தகையது. எதிராளி பற்றுவது அச்சட்டையின் கழுத்துப்பட்டியை. இழுப்பது அதன் கையை. எறிவதும் வீழ்த்துவதும் அப்பிடியைக் கொண்டே. ஆதலின், பொருந்தாத சட்டையோடு களம் புகுபவர் பழுதுற்ற கருவியோடு புகுபவரேயாவர். இக்கருவி பெண்களுக்கு எவ்வளவிற் பொருந்துகின்றது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

யப்பானியர் இவ்வுடையை 'யூடோகி' என்பர். 'கி' என்பது உடை. போர்க்கலைகளுக்குரிய உடைகளைப் பொதுவாக 'டோகி' என்றும் வழங்குவர். 'டோ' என்னுஞ் சொல் வழி, நெறி எனப் பொருள்படும். ஆகவே 'நெறியுடை' எனத் தமிழில் வழங்கலாம். என்னிடம் தமிழ் பயின்று, இன்று பெண்கள் பாடசாலையொன்றிலே ஆசிரியையாயிருந்து யூடோவும் பழக்கிவரும் ஒருவர் தமிழ்ச்சொல் கேட்டபோது யான் கூறியது இதுவே. "சொல் நல்லாயிருக்குது ஐயா, உடுப்புத்தான் எங்கட பிள்ளைகளுக்கு அளவாயில்லை" என்றார் அவர். இலக்கணம் கற்பிக்கும் என்னை மற்போர் உடையைப் பற்றி எழுதத் தூண்டியது அவ்வொரு வாக்கியமே.

இவ்வுடையின் வெட்டு, கிமோனோ என்னும் யப்பானிய மரபுடையைத் தழுவியது. நேர்கோட்டில் வெட்டிய துண்டுகளை இணைத்துத் தைப்பர். இடையிலே குறுக்குதலோ, மார்பிலே வளைத்தலோ மரபில் இல்லை. வலப்புறத்தின்மேல் இடப்புறம் படியும்படி மடித்து, இடைப்பட்டியாற் கட்டுதல் வேண்டும். ஆண், பெண் இருபாலார்க்கும் இதுவே விதி. வலப்புறம் மேலே வரும்படி உடுத்துதல் யப்பானில் இறந்தோர்க்கு உரியது. மடிப்பிலே பால்வேற்றுமை பாராட்டாத இவ்வுடை, அளவிலே மட்டும் ஒருபாலாரையே கருதித் தைக்கப்பட்டு வந்தமை வியப்புக்குரியது.

கடைகளிலே இதன் அளவு பெரும்பாலும் உயரம் ஒன்றைக்கொண்டே குறிக்கப்படும். 150, 160, 170 எனச் சென்ரிமீற்றர்க் கணக்கில் அளவெண்கள் உள்ளன. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஆணும் அதே உயரமுள்ள பெண்ணும் ஒரே உடையை வாங்குவர். உயரம் ஒன்றாயின் தோளும் இடுப்பும் ஒன்றாகிவிடுமா? பொதுவாகப் பெண்களுக்குத் தோள் ஒடுங்கியும் இடுப்பு அகன்றும் இருக்கும். ஆகவே சட்டையின் தோட்பொருத்து மேற்கையிலே சரியும். அதனோடு கைநுனியும் இறங்கி விரல்களை மூடும். கீழே, இருமருங்கிலுமுள்ள பிளவு இடுப்பில் விரிந்து, முன்மடிப்பு விலகும். காற்சட்டை இடுப்பில் இறுகும். இடுப்புக்கு இசையப் பெரிதாக வாங்கினாலோ, காலடியில் மிதிபடும். மார்பிலே கழுத்துப்பட்டிகள் இரண்டும் படியாமல் எழுந்து நிற்கும்.

இவை சிறு குறைகளல்லவா எனச் சிலர் வினவக்கூடும். யூடோவிலே முதற்கண் கற்பிக்கப்படுவது எறிதலன்று, விழுதல். எறியப்பட்டவர் கையை நீட்டி நிலத்தை அறைந்து விழுதல் வேண்டும். அதிர்ச்சியை அக்கை ஏற்க, உடல் தப்பும். சட்டை விலகிவிடுமே என்னும் நாணத்தால் ஒரு கையாலே கழுத்துப்பட்டியைப் பற்றிக்கொண்டு விழும் பெண்பிள்ளையின் தோளும் கழுத்தும் என்னாகும்? நான் குறிப்பிட்ட ஆசிரியை தம் மாணவியரிடையே கண்டது இதனையே. அவர்களுள் ஒருத்தி, ஊக்கமிக்கவள், சில கிழமைகளில் வராமலே நின்றுவிட்டாளாம். காரணம் கேட்டபோது வேறேதோ கூறினாளாம். உண்மைக் காரணத்தைப் பிள்ளைகள் எளிதிற் சொல்வதில்லை. வெண்ணிறக் காற்சட்டை மாதவிடாய் நாட்களிலே பெண்களுக்குத் தரும் அச்சமும் இவ்வாறு சொல்லப்படாத காரணங்களுள் ஒன்று. தூய வெண்ணிறத்தைக் கண்டிப்பாகப் பேணிவந்த விம்பிள்டன் ரெனிஸ் களமே 2023 முதல் பெண்கள் கருநிற உட்காற்சட்டை அணிய இடமளித்துள்ளது. இவ்வச்சம் நாணத்தின் மிகையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தைக்காத உடைக்கு இவ்விடர் இல்லை. முல்லைப்பாட்டிலே, பாசறையில் விளக்கேற்றும் மங்கையர் வரிக்கச்சிலே வாள் பூண்டிருந்தமை பேசப்படுகின்றது. கச்சு என்பது கட்டப்படுவது. கேரளத்து வடகரையிலே களரிப்பயிற்றுக் கற்பித்து, 2017 இல் பத்மஸ்ரீ விருது பெற்ற மீனாட்சி அம்மா, சேலையை வரிந்துகட்டியே வாள் வீசிக் காட்டியவர். கட்டும் துணிக்கு அளவெண் இல்லை. உடுப்பவர் மெய்யே அதற்கு அளவு. தைக்கும் உடைக்கோ, தைப்பவர் ஓர் உடலை முன்னரே மனத்திற் கருதிக்கொள்ளல் வேண்டும். யூடோ உடையைத் தைத்தோர் எவருடைய உடலைக் கருதினர் என்பதை அக்கலையின் வரலாறு காட்டும்.

யூடோவை வகுத்த ஜிகோரோ கனோ, தோக்கியோவில் ஆசிரிய கலாசாலையொன்றின் அதிபராகவும் விளங்கிய கல்விமான். 1882 இல் ஒரு பௌத்த ஆலயத்தின் 12 பாய் அளவுள்ள அறையிலே கொடோகன் என்னும் தம் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். பெண்களுக்குக் கற்பிக்க அவர் பின்னிற்கவில்லை. 1926 இல் அங்கே மகளிர் பிரிவும் அமைந்தது. ஆயினும், புகுந்த பெண்கள் விருந்தினராகவே நடத்தப்பட்டனர். அவர்தம் கரும்பட்டியின் நடுவே நெடுகிலும் ஒரு வெண்கோடு ஓடிற்று. அக்கோடு யப்பானின் உள்நாட்டுப் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது 2017 இலேயே. கனோவுக்குக் கற்பித்த ஆசிரியரொருவரின் பேர்த்தியாகிய கெய்கோ புக்குடா 1935 இல் கொடோகனிற் சேர்ந்தார். 1953 இல் ஐந்தாம் தரம் எய்திய அவர், பெண்களுக்கு அதற்குமேல் தரமில்லை என்றமையால் 1972 வரை அந்நிலையிலேயே நின்றார். தம் 99 ஆம் வயதில், 2013 இல் மறையும்வரை அவர் இக்கலையைக் கைவிடவில்லை.

அமெரிக்காவிலே 1959 இல் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. நியூயோர்க் மாநிலத்து யூற்றிக்கா நகரில் நடந்த யூடோப் போட்டியொன்றிலே றஸ்ரி கனோகோகி என்னும் பெண், மார்பை இறுகக் கட்டி, மயிரைக் குறுக வெட்டி, ஆண்கள் அணியிலே பொருதார், வென்றார். பெண் என்பது தெரிந்ததும் பதக்கம் திரும்பப் பெறப்பட்டது. பெண்ணின் உடல் எங்கே இருக்கின்றது என்பதையே அறியாத அச்சட்டை, அன்று அவரை மறைக்க உதவிற்று. பின்னர், 1980 இல் பெண்களுக்கான முதலாவது உலக யூடோப் போட்டியை நியூயோர்க்கில் முன்னின்று நடத்தியவரும் அவரே. 1992 இல் பார்சிலோனா ஒலிம்பிக்கிலே பெண்கள் யூடோ பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. பறித்த பதக்கம் 2009 இல் அவருக்கு மீள வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

'மரபுடையிற் கைவைக்கலாமா?' என்பது அடுத்த தடை. மரபைப் போற்றுதல் என் தொழில். ஆயினும் இவ்வுடையின் மரபு மாற்றத்தையும் உள்ளடக்கியது. தொடக்ககாலச் சட்டையின் கை முழங்கையளவில் நின்றது. காற்சட்டை முழங்காலையும் மூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, கனோவின் காலத்திலேயே, அவை நீட்டப்பட்டன. அதன் பின்னர், போராடும் இருவரையும் பார்ப்போர் எளிதிற் பிரித்தறியும் பொருட்டு, ஒருவர் நீலவுடை அணியலாமென 1997 இல் உலக யூடோச் சம்மேளனம் முடிவு செய்தது. யப்பானியர் உடன்படாதபோதும் அம்மாற்றம் நிலைபெற்றது. பார்ப்போர் கண்ணுக்காக மாறிய உடை, அணிவோர் மெய்க்காக மாறலாகாதா?

இனி, செய்யத்தக்கவை யாவை எனப் பார்ப்போம். உடை வாங்குமுன் உயரத்தோடு தோள், மார்பு, இடுப்பு, கைநீளம் ஆகியவற்றையும் அளந்துகொள்ளல் வேண்டும். பருத்தித்துணி சுருங்குமாதலின், நனைத்து உலர்த்திய பின்னரே தையற்காரரிடம் கொடுத்தல் நன்று. காற்சட்டையை இடுப்புக்கு அளவாக வாங்கிக் காலைக் குறைத்தல் எளிது. இடுப்பு ஒடுங்கியதை விரித்தல் அரிது. சட்டையும் காற்சட்டையும் தனித்தனியே கிடைக்குமாயின் வெவ்வேறு அளவிற் பெறலாம். கராத்தே உடை மெல்லியது. அதன் பக்கங்களிலே கட்டுநாடாக்கள் உண்டு. அந்நாடாக்களை இடம்மாற்றித் தைத்தாலே முன்மடிப்பு ஓரளவு படிந்து நிற்கும். யூடோவில் ஊசி, பொத்தான், கொளுவி எவையும் கூடா. அவை இருவரையும் காயப்படுத்தும். சட்டையை உடலோடு ஒட்டத் தைத்தலும் முறையன்று. எதிராளி பற்றுவதற்கு இடம் வேண்டும். பெண்கள் உள்ளே வெண்ணிற ரீசேட் அணிதல் வேண்டும் என்பது போட்டி விதி. பயிற்சியிலும் அதனைக் கடைப்பிடித்தல் நலம்.

தையற்காரரால் ஆவது இவ்வளவே. பெரும் பன்னாட்டுப் போட்டிகளில் அங்கீகாரம் பெற்ற உடையே செல்லும். கையின் நீளத்தையும் அகலத்தையும் அளவுகருவிகொண்டு சோதிப்பர். ஆகவே குறையை அடியிலே தீர்த்தல் உற்பத்தியாளர் கடன். தோளை ஒடுக்கி இடுப்பை விரித்துப் பெண்களுக்கென வெட்டிய உடைகளைச் சிலர் இன்று செய்கின்றனர். கேட்போர் பெருகினாலன்றி அவை எளிய விலையிற் பாடசாலைகளுக்கு எட்டமாட்டா.

கேட்கவேண்டியவர் நாமே. பாடசாலைக்கு உடை எடுப்பிக்கும் ஆசிரியர்கள், வகுப்புக்கு இத்தனை என மொத்தமாக எழுதியனுப்பும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். ஆசிரியை ஒருவர் அளவுநாடாவோடு ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அளந்தெழுத, ஒரு மாலைப்பொழுது போதும். விழும்போது இரு கைகளும் விடுபட்டிருக்கும் பிள்ளையே அச்சமின்றி விழுவாள். அச்சமின்றி விழுந்தவளே எழுந்து நின்று எறியவும் கற்பாள்.