புயலும் அண்டை அயலாரும்

1999 அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாக் கடற்கரையைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். சாலைகளும் தொலைபேசித் தொடர்பும் அறுந்துபோன ஊர்களில், வெளியுதவி வந்தெட்டும்வரை கைகொடுத்தோர் அண்டை வீட்டாரே. இவ்வுதவி தற்செயலாக அன்றி முறையாக அமைதல் வேண்டும் என்பதே அப்பேரிடர் புகட்டிய பாடமாகும்.

அதன்பின் கடலோரத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் பல எழுந்தன. அவற்றைப் பேண ஊர்க்குழுக்கள் அமைந்தன. எச்சரிக்கை, மீட்பு, முதலுதவி ஆகியவற்றில் இளைஞர்கள் பயிற்சி பெற்றனர். 2019 மே 3ஆம் நாள் ஃபானி புயல் பூரி அருகே கரையைக் கடக்குமுன் சுமார் 12 லட்சம் மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். அம்மாநிலத்தில் உயிரிழந்தோர் 64 பேர். வானிலை முன்னறிவிப்பை வீடுதோறும் கொண்டு சேர்த்ததில் இத்தொண்டர்களின் பங்கு பெரிது.

பெற்ற உதவிக்கு நன்றி சொல்லோடு முடிவதன்று. அடுத்த புயலுக்கு முன்பே பயிற்சியில் சேர்தலே அக்கடனைத் தீர்க்கும் வழியாகும்.