இடுப்பில் துப்பாக்கி: பாதுகாப்புப் பூட்டு யாரைக் காக்கும்?

புதுதில்லி: ஹிந்தி நடிகரும் முன்னாள் மக்களவை உறுப்பினருமான கோவிந்தா, 2024 அக்டோபர் 1ஆம் தேதி அதிகாலையில் மும்பை ஜூஹுவில் உள்ள தமது வீட்டில் கொல்கத்தா பயணத்துக்குத் தயாராகிக் கொண்டிருந்தார். உரிமம் பெற்று வைத்திருந்த ரிவால்வரை அலமாரியில் வைக்க முற்பட்டபோது அது கைநழுவி விழுந்து வெடித்தது. குண்டு அவரது இடது காலில் முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூன்று நாள்களில் அவர் வீடு திரும்பினார். பழைய ரிவால்வர் அது என்றும், அதன் பூட்டின் ஒரு சிறு பகுதி பழுதுபட்டிருந்தது என்றும் அப்போது செய்திகள் வெளியாயின.

லூதியாணா மேற்குத் தொகுதியின் ஆம் ஆத்மி சட்டப்பேரவை உறுப்பினர் குர்பிரீத் கோகிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2025 ஜனவரி 10ஆம் தேதி இரவு, தமது உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியிலிருந்து வெளிப்பட்ட குண்டு தலையில் பாய்ந்து அவர் வீட்டிலேயே உயிருக்குப் போராடினார். மருத்துவமனையில் அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. துப்பாக்கியைத் துடைக்கும்போது தற்செயலாக வெடித்தது என்றே குடும்பத்தினர் தெரிவித்தனர். அதே ஆண்டு ஜூன் மாதம் நடைபெற்ற இடைத்தேர்தலைப் பற்றி ஏடுகள் பக்கம் பக்கமாக எழுதின. அந்த இடைத்தேர்தலுக்குக் காரணமான கைத்துப்பாக்கியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

மூன்றாவது நிகழ்வு இவற்றுக்கு முந்தையது. இவற்றைக் காட்டிலும் கொடியது. 2023 டிசம்பர் 8ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில், கடவுச்சீட்டு தொடர்பான சரிபார்ப்புக்காகக் காவல் நிலையத்துக்கு வந்து நின்றிருந்தார் ஒரு பெண்மணி. சக காவலர் கொடுத்த கைத்துப்பாக்கியை உதவி ஆய்வாளர் ஒருவர் கையில் வாங்கிச் சரிபார்த்தபோது அது வெடித்தது. தலையில் குண்டு பாய்ந்த அப்பெண்மணி சில நாள்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். நடந்தவை அனைத்தும் நிலையத்தின் கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தன.

இம்மூன்று நிகழ்வுகளிலும் எதிரி என்று எவரும் இல்லை. கொள்ளையனோ, பகைவனோ, பயங்கரவாதியோ அருகில் இல்லாத இடத்தில், தற்காப்புக்கெனவும் பொதுமக்கள் பாதுகாப்புக்கெனவும் வழங்கப்பட்ட ஆயுதங்களே ஆபத்தாக முடிந்தன. எந்தத் துப்பாக்கி சிறந்தது, அதில் கையால் இயக்கும் பாதுகாப்புப் பூட்டு இருக்க வேண்டுமா என்னும் பழைய விவாதத்தை இந்தியச் சூழலில் வைத்துப் பார்ப்பதற்கு இவையே போதுமான காரணங்கள்.

மறைத்து வைப்பது சலுகை அல்ல, கட்டாயம்

துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வது அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் ஓர் உரிமைப் பிரச்னை. இந்தியாவில் நிலைமை நேர்மாறானது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென உள்ள உறையிலோ பையிலோ வைத்து, முற்றிலும் மூடிய நிலையில், தம் முழுக் கட்டுப்பாட்டில் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவதே குற்றம். இடுப்பில் தெரியும்படி செருகிக்கொண்டு திருமண ஊர்வலங்களில் வலம் வரும் வட மாநிலப் பிரமுகர்களுக்கு இவ்விதி தெரியாது என்று கூற முடியாது. தெரிந்தும் யாரும் கேட்பதில்லை என்பதே நடைமுறை.

எனவே, இங்கு உரிமம் பெற்றவர் வாங்கும் கைத்துப்பாக்கி சிறியதாகவும், எடை குறைந்ததாகவும், உறைக்குள் நாள் முழுவதும் உடலோடு ஒட்டியிருந்தாலும் ஆபத்தில்லாததாகவும் இருத்தல் வேண்டும். ஆனால் அவருக்குத் தெரிவு செய்யக் கிடைப்பவை மிகச் சிலவே. 9 மி.மீ. உள்ளிட்ட படைத்துறைத் தோட்டாக்களைப் பயன்படுத்தும் கைத்துப்பாக்கிகள் சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. தனிநபர் இறக்குமதியும் 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ நின்றுவிட்டது. அதனால் தாத்தா காலத்து வெப்லியும் வால்தரும் இன்றும் பல லட்சம் ரூபாய்க்குக் கைமாறுகின்றன. தேய்ந்துபோன சுருள்வில்லும் நைந்துபோன பூட்டும் அந்த விலையில் சேர்த்தே விற்கப்படுகின்றன என்பதை வாங்குவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மீதமுள்ளவை பெரும்பாலும் அரசின் தயாரிப்புகளே. கான்பூரில் உருவாகும் 0.32 போர் ரிவால்வர், தில்லி பாலியல் கொடுமைக்குப் பின் 2014 ஜனவரியில் பெண்களுக்கென அறிமுகம் செய்யப்பட்ட 'நிர்பீக்', 2023 ஆகஸ்டில் வெளிவந்த 'பிரபல்', 7.65 மி.மீ. பிஸ்டலான 'அஷனி' ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அசனி என்றால் இடி என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபரில் கலைக்கப்பட்ட பின், கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மெண்ட் இந்தியா' என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இத்தொழிற்சாலைகள் வந்தன. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இந்த நிறுவனத்தில் அடங்கியதே.

ரிவால்வரா, பிஸ்டலா?

ரிவால்வரின் வலிமை அதன் எளிமை. ஆறு அறைகள் கொண்ட உருளை சுழலும், விசையை அழுத்தினால் சுத்தியல் பின்வாங்கி முன்னே பாயும், தோட்டா வெடிக்கும். தோட்டா பழுதாகி வெடிக்காவிட்டால் மறுபடி அழுத்தினால் போதும், அடுத்த அறை முன்வரும். சுத்தியலை முன்கூட்டியே இழுத்து வைக்காத நிலையில் விசை நீளமாகவும் கனமாகவும் இருக்கும். ஆகவே அறியாமல் விரல் பட்டு வெடிப்பது அரிது. உலகின் பெரும்பாலான ரிவால்வர்களில் கையால் இயக்கும் பூட்டு இல்லாததற்கு இக்கனமான விசையே காரணம்.

எனினும், கீழே விழும் ரிவால்வருக்கு விசையின் கனம் துணை வராது. சுத்தியலின் மீது அடிபட்டால், அதன் நேர்எதிரே உள்ள அறையில் தோட்டா இருந்தால், வெடிக்கக்கூடும். 1944இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றின் தளத்தில் விழுந்த ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி உயிரிழந்த பிறகே, அந்நிறுவனம் சுத்தியலைத் தடுத்து நிறுத்தும் உள்தடையை மாற்றி அமைத்தது. விசை முழுவதுமாக அழுத்தப்பட்டால் அன்றி சுத்தியல் தோட்டாவைத் தொட முடியாதபடி செய்யும் இத்தகைய உள்தடைகள் இன்று நல்ல ரிவால்வர்கள் அனைத்திலும் உள்ளன. இத்தடை பழைய துப்பாக்கியில் தேய்ந்திருந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. உள்தடைகள் வருமுன் வாழ்ந்தவர்கள் சுத்தியலின் எதிரே உள்ள அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டாக்களை மட்டுமே நிரப்பினார்கள். காசு செலவில்லாத பாதுகாப்பு அது.

இவ்விஷயத்தில் கான்பூர் ரிவால்வர் ஒரு விதிவிலக்கு. வெப்லி வடிவத்தைப் பின்பற்றிய அதில் கையால் இயக்கும் பூட்டும் பொருத்தப்பட்டுள்ளது. மேலைநாட்டுத் துப்பாக்கிப் பிரியர்கள் இதைக் கண்டு நகைப்பதுண்டு. துப்பாக்கி ஆண்டுக்கணக்கில் பீரோவில் சேலைகளுக்கு நடுவே உறங்கும் ஒரு நாட்டில், அந்தப் பூட்டு நகைப்புக்குரியதாகத் தோன்றவில்லை.

பிஸ்டலின் நிலை வேறு. தட்டையானது என்பதால் ஆடைக்குள் எளிதில் மறையும். கூடுதல் தோட்டாக்கள் கொள்ளும். ஆனால் அதன் இயக்கம் புரியாதவருக்கு அது ஒரு பொறி. மேகசினை உருவி எடுத்துவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். குழல் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கும்; மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துக் கண்ணால் பார்த்தாலன்றி அதை அறிய இயலாது. துப்பாக்கியைத் துடைக்கும்போது நேரும் விபத்துகளுக்கு உலகெங்கும் சொல்லப்படும் முதல் காரணம் இந்த ஒற்றைத் தோட்டாவே.

வேகமா, நிதானமா?

பூட்டு வேண்டாம் என்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. உயிருக்கு ஆபத்தான நொடியில் விரல் நடுங்கும்; பூட்டை விடுவிக்க மறந்தால் துப்பாக்கி வெறும் இரும்புத் துண்டு. 1980களில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த க்ளாக் பிஸ்டல் இவ்வாதத்தை உலகெங்கும் பரப்பியது. அதில் கையால் இயக்கும் பூட்டு இல்லை. விசையிலும் உட்புறத்திலும் தாமாக இயங்கும் மூன்று தடைகள் உள்ளன. நமது தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்களும் க்ளாக்கைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் அந்தக் கமாண்டோவின் கை ஆயிரக்கணக்கான முறை உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துப் பழகியது. விசையிலிருந்து விரலை விலக்கி வைப்பது அவருக்கு மூச்சு விடுவதைப் போன்றது.

மாறாக, 2017 ஜனவரியில் சிக் சாவர் பி320 பிஸ்டலைத் தேர்ந்தெடுத்த அமெரிக்கத் தரைப்படை, தன் வீரர்களுக்கு வழங்கும் வடிவத்தில் கட்டைவிரலால் இயக்கும் பூட்டைக் கேட்டுப் பெற்றது. அதே பி320இன் பூட்டில்லாத, பொதுமக்களுக்கான வடிவம் குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கிறது என்று அதே ஆண்டு தெரியவந்தபோது, நிறுவனம் விசைப் பகுதியை மாற்றித் தர முன்வந்தது. தாமாக இயங்கும் தடைகளை மட்டும் நம்புவதன் எல்லையை இது காட்டியது.

இந்திய உரிமதாரர் இவ்விருவரில் யாரைப் போன்றவர்? நிச்சயமாகக் கமாண்டோவைப் போன்றவர் அல்லர். அவர் பெறக்கூடிய தோட்டாக்களுக்கு உரிமத்திலேயே வரம்பு உண்டு. பயிற்சிக்கெனச் சுட்டால் கையிருப்பு கரையும், விலையும் அதிகம். சுடுதளம் எல்லா மாவட்டங்களிலும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறைகூடச் சுடாத ஒருவர், சில நொடி வேகத்துக்காகப் பூட்டைத் துறப்பது லாபகரமான பேரம் ஆகாது. அவருக்குப் பூட்டுள்ள துப்பாக்கியே ஏற்றது. பிஸ்டலாயின் குழல் அறை காலியாக இருப்பது அதைவிட ஏற்றது.

ஆயினும் அலிகார் நிகழ்வு இவ்வாதத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சீருடை அணிந்தவர், துப்பாக்கியைக் கையாள்வதையே தொழிலாகக் கொண்டவர், மனிதர்கள் நின்ற திசையில் அதை நீட்டி விசையில் விரல் வைத்தார். சுடத் தயாராக வைத்துவிட்டு விசையை இழுக்கும் விரலை எந்தப் பூட்டும் தடுக்காது. வாங்கிய கையோடு தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பதும், பார்க்கும்போது குழலைத் தரையை நோக்கித் திருப்புவதும் எந்த உதிரிபாகத்திலும் கிடைப்பதில்லை.

சொல்லிக் கொடுப்பது யார்?

2016 ஜூலையில் வெளியிடப்பட்ட ஆயுத விதிகள், உரிமம் கோருவோர் பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்று கூறின. நல்ல விதி, ஆனால் காலம் கடந்து வந்த விதி. உள்துறை அமைச்சகத்தின் கணக்கின்படி 2016 டிசம்பர் இறுதியில் நாட்டில் 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் நடைமுறையில் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், பஞ்சாபில் 3.59 லட்சம், தமிழ்நாட்டிலோ 22,532. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை இப்பயிற்சி விதி வருவதற்கு முன்பே வழங்கப்பட்டவை. அதாவது, இந்நாட்டில் துப்பாக்கி வைத்திருப்போரில் பெரும்பகுதியினர் அதை எப்படிப் பிடிப்பது என்று அரசிடம் ஒருபோதும் நிரூபிக்க வேண்டியிருந்ததில்லை.

'நிர்பீக்' வெளிவந்தபோது அதன் விலை 1,22,360 ரூபாய். 500 கிராம் எடையுள்ள அந்த ரிவால்வர் நகைப் பெட்டி போன்ற அழகிய பேழையில் வைத்துத் தரப்பட்டது. பெண்களைப் பாதுகாக்க வேண்டிய அரசு அவர்களிடம் துப்பாக்கியை விற்பதா என்று, மணிப்பூரில் ஆயுத வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்காகப் பணியாற்றி வரும் பினாலட்சுமி நெப்ரம் போன்றோர் அப்போதே கண்டித்தனர். அக்கண்டனத்தை ஏற்காதவர்கள்கூட ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. தொழிற்சாலையும் அரசுடையது, உரிமமும் அரசுடையது என்னும்போது, அப்பேழையோடு சில நாள் பயிற்சியையும் சேர்த்து விற்க என்ன தடை?

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதே முக்கிய விவாதமாயிற்று. மூன்றாக இருந்த வரம்பை ஒன்றாகக் குறைக்க முதலில் முன்மொழியப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் அது இரண்டாயிற்று. மகிழ்ச்சியில் வானை நோக்கிச் சுடுவோருக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பதும் சேர்க்கப்பட்டது. அதிகம் பேசப்படாமல் நிறைவேறிய மற்றொரு மாற்றம், உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியது. அலமாரியில் கிடக்கும் துப்பாக்கியின் உரிமதாரர் இனி அதிகாரியின் முன் வந்து நிற்க வேண்டியது ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறைதான்.