மூட்டுத் தேய்மானம்: தாய்மார்கள் அறிய வேண்டியவை



"உட்கார்ந்தால் எழ முடியவில்லை" என்று தைப்பிங் வட்டாரத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த தாய்மார்கள் சொல்லக் கேட்கிறோம். "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அது சரியா?

எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு மெத்தைபோல் இருக்கிறது. அது மெலிந்து, எலும்பின் ஓரம் புடைத்து வளர்வதையே மூட்டுத் தேய்மானம் என்கிறோம். 50 வயதுக்கு மேல் இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதும் ஒரு காரணமாகலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். உடற்பருமனும் பல்லாண்டு குந்தி எழுந்து சுமை தூக்கியதும் சேர்ந்துகொள்கின்றன. காண்டாவில் பால் வாளி சுமந்த கால்கள் அல்லவா!

அடையாளங்கள் இவை: நடந்தால், படியேறினால் வலி, ஓய்வெடுத்தால் தணிவு. காலையில் மூட்டு விறைக்கும்; ஆனால் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். மடக்கி நீட்டினால் நறநறவென்று ஓசை வரும். சிலருக்கு முழங்கால் வெளிப்புறமாக வளையும். விரல் நுனி மூட்டுகளில் கெட்டியான முடிச்சுகள் தோன்றும். கட்டை விரலின் அடி வலிக்கும்.

காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கைகளிலும் மூட்டுகள் வீங்கினால், அது முடக்குவாதமாக இருக்கலாம். திடீரென ஒரு மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மலாயாவின் முதல் எக்ஸ்ரே கருவி 1897-இல் வந்தது நம் தைப்பிங் மருத்துவமனைக்குத்தான். ஆனாலும் எக்ஸ்ரே படம் மட்டுமே முடிவு சொல்லாது. படத்தில் தேய்மானம் மிகுந்தும் வலி குறைவாக உள்ளவர்கள் உண்டு. ஆகவே நோயாளி சொல்வதையும் மூட்டையும் மருத்துவர் ஆராய்கிறார்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். சந்தையில் விற்கும் பெயர் தெரியாத பொடியும் மாத்திரையும் ஒரே நாளில் வலியைப் போக்கினால் சந்தேகப்படுங்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. அது முகத்தை உப்பவைக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை உளுக்கச் செய்யும். நெடுநாள் உண்டவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.

தேய்ந்தது மீண்டும் வளராது. ஆனால் வலியைக் குறைக்கலாம். நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி இறக்குங்கள். பத்து முறை செய்யுங்கள். தொடைத் தசை வலுத்தால் முழங்காலின் பாரம் குறையும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் ஏறத்தாழ நான்கு கிலோ பாரத்திலிருந்து விடுபடுகிறது.

வீட்டிலுள்ள பிள்ளைகளே, தாயார் தரையில் குந்தித் துணி துவைக்காதிருக்க ஒரு முக்காலி போட்டுக் கொடுங்கள்.