முன்பல் போனால், புதுப்பல் எப்போது?

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையில் உடலும் கரையும் கூடுமிடத்தைக் கோர்வை என்பர். அங்கே ஓரிழை பிசகினாலும் பார்ப்பவர் கண் அதிலேயே சென்று நிற்கும். முன்பல்லும் ஈறும் கூடுமிடமும் அத்தகையதே.

தாடையெலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, அதன்மேல் பல்லைப் பொருத்தும் முறையை 1965-இல் ஒரு நோயாளிக்குச் செய்து தொடங்கி வைத்தவர் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனமார்க். எலும்பு அவ்வுலோகத்தோடு ஒட்டி வளர்வதே இதன் சூட்சுமம்.

எப்போது பதிப்பது என்பதில்தான் அழகு அடங்கியிருக்கிறது. மேல் முன்பல்லின் வெளிப்புற எலும்புச் சுவர் பலருக்கு 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. பல் போனதும் அது கரையும், ஈறும் ஏறிவிடும். அன்றே பதித்தால் கரைவது நின்றுவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம், நிற்பதில்லை. சுவர் தடித்துப் பழுதின்றி இருப்பின் அன்றே பதிக்கலாம். மெல்லியதாயின் 4 முதல் 8 வாரம் பொறுத்து, ஈறு ஆறியபின், எலும்புத் தூள் இட்டுப் பதிப்பதே பெரும்பாலும் நன்று. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டாலோ எலும்பு வற்றி, புதுப்பல் நீண்டு காட்டும்.

திருமண ஓலை வாசிக்கத் தொடங்கியபின் மருத்துவரிடம் ஓடுவோரும் உளர். மூன்று ஞாயிறுகளில் எலும்பு ஆறாது. அதற்குச் சில மாதங்கள் வேண்டும். அதுவரை கழற்றி மாட்டும் பல் போதுமே!

பள்ளிப் பிள்ளைகளுக்கோ பதித்தலே ஆகாது. தாடை வளர வளர அண்டைப் பற்கள் கீழிறங்கும். பதித்த பல் நின்ற இடத்திலேயே நின்று குட்டையாகத் தெரியும். பிள்ளை கீழே விழுந்து நிலைப்பல் முழுதாகக் கழன்றுவிட்டால், வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் கொண்டு சென்றால், அதையே மீண்டும் பொருத்த வழியுண்டு.