பில்லைக் கசக்கி எறியாதீர்கள்

விடுமுறை விட்டால் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு இரவு ரயிலில் ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம். காலையில் எழும்பூர் அருங்காட்சியகம், மயிலாப்பூர் கோயில், மதியம் நல்ல ஓட்டலில் சாப்பாடு, மாலையில் மெரினா, தி.நகரில் கொஞ்சம் துணிமணி. இந்த ஒரு நாளுக்குள் கூடுதல் கட்டணம், பில்லில் புரியாத ஒரு தொகை, ஒத்துக்கொள்ளாத சாப்பாடு என எதிலாவது மாட்டிக்கொண்டால், "விடு, இதுக்காக யார் திரும்ப வந்து அலையறது?" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வெளியூர்க்காரர் புகார் கொடுக்க வரமாட்டார் என்பதுதான் ஏமாற்றுகிறவர்களின் தைரியம்.

அந்தத் தைரியத்துக்கு இனி இடமில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பாதிக்கப்பட்டவர் தான் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போட வழிசெய்திருக்கிறது. சென்னையில் ஏமாந்த திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். அதற்கு முதலில் கையில் இருக்க வேண்டியது பில்.

ஏறும் முன் பேசுங்கள்

சென்னையில் ஆட்டோவுக்கு அரசு 2013-ல் நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. இது கட்டுப்படியாகவில்லை என்று ஓட்டுநர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஊர் தெரியாதவரிடம் இறங்கும்போது வாய்க்கு வந்த தொகையைக் கேட்பதில் நியாயமே இல்லை. ஏறும் முன்பே தொகையைப் பேசி முடித்து, வண்டி எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தகராறு முற்றினால் 112-ஐ அழைக்கலாம். மெட்ரோவும் மாநகரப் பேருந்தும் இருக்கும் வழியில் இந்தப் பேரமே தேவையில்லை. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

ஓட்டல் பில்லில் என்ன பார்ப்பது?

பணம் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் பில்லைப் படியுங்கள். மூன்று இடங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, சர்வீஸ் சார்ஜ். இது அரசுக்குப் போகும் வரி அல்ல. எந்த உணவகமும் இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பரிமாறியவருக்கு டிப்ஸ் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

இரண்டாவது, ஜி.எஸ்.டி. பெரும்பாலான உணவகங்களில் இது 5 சதவீதம்தான்: மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை. அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் பெரிய ஓட்டல்களில் 18 சதவீதமாக இருக்கலாம். வரி வாங்கினால் 15 இலக்கப் பதிவு எண் பில்லில் இருக்க வேண்டும். எண் இல்லாத பில்லில் வரி இருந்தால் கேள்வி கேளுங்கள். வரியைத் தங்கள் கையிலிருந்தே கட்டும் 'காம்போசிஷன்' திட்டத்தில் இருக்கும் சிறிய கடைகளும் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது.

மூன்றாவது, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண். 2022 ஜனவரி முதல் உணவகங்கள் இதைப் பில்லில் அச்சிட வேண்டும். புகார் கொடுக்கும்போது கடையை அடையாளம் காட்டுவது இந்த எண்தான்.

தண்ணீர் பாட்டிலும் கூலிங் சார்ஜும்

எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை. பெட்டிக்கடையோ, ரயில் நிலையக் கடையோ, கடற்கரைக் கடையோ அதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க முடியாது. 'கூலிங் சார்ஜ்' என்று சட்டத்தில் எதுவும் இல்லை. இங்கே ஒரு விலக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டலில் உட்கார்ந்து பரிமாறச் சொல்லி வாங்கும் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இது தெரியாமல் ஓட்டலில் வாக்குவாதம் செய்து பயனில்லை. மெனு கார்டில் விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைகள் மீதான எம்.ஆர்.பி. புகார்களைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை விசாரிக்கிறது.

மெரினாவில் குழந்தைகளோடு

பளிச்சென்ற ரோஸ் நிறத்தில் பஞ்சு மிட்டாய் கேட்டுக் குழந்தை அடம்பிடிக்கும். துணிக்கும் தோல் பொருளுக்கும் போடும் ரோடமைன்-பி சாயம் அதில் இருப்பது சோதனையில் தெரிந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் எந்தத் தின்பண்டம் இருந்தாலும் ஒதுக்குங்கள். சுடச்சுட பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தால், வாழை இலையிலோ தட்டிலோ கேளுங்கள். அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும் என்பதால் செய்தித்தாளில் உணவைப் பொதியவே விதி அனுமதிப்பதில்லை.

அலையில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெரினாவில் கரையை ஒட்டியே கடல் சட்டென்று ஆழமாகும், நீரோட்டம் உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்த இளைஞர்களும் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். அதனால்தான் குளிக்கக் கூடாது என்று காவல்துறை தடுக்கிறது.

சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால்

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். சரியாக வேகாத கோழி, வெளியே வைத்த இறைச்சி, பச்சை முட்டையில் செய்த மயோனைஸ் மூன்றிலும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பெருகும். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததும் இதனால்தான்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்தால் கை வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். என்ன சாப்பிட்டோம், எங்கே, எப்போது என்பதை மருத்துவச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மீதி உணவு இருந்தால் ஆதாரமாக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்புங்கள். பாதுகாப்பற்ற உணவால் ஒருவர் இறந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை இழப்பீடு தர உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006 இடமளிக்கிறது.

புகாரின் படிகள்

முதலில் கடை மேலாளரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். பல பிரச்சினைகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. அங்கும் சமரசம் ஏற்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம், காணொலியில் விசாரணை கேட்கலாம்.

இருபது ரூபாய்க்காகவா இவ்வளவு என்று தோன்றும். உங்களிடம் கூடுதலாக வாங்கிய இருபது ரூபாயை அந்தக் கடை நாள் முழுக்க எல்லோரிடமும் வாங்குகிறது. பக்கத்திலேயே சரியான விலைக்கு விற்று, சுத்தமாகச் சமைத்து, குறைந்த லாபத்தில் கடை நடத்துகிறவர் அந்தப் போட்டியில் நொடித்துப்போகிறார். நீங்கள் கொடுக்கும் புகார் அவருக்கும் சேர்த்துத்தான். ஆகவே பில் தர மறுத்தால் கேட்டு வாங்குங்கள். வாங்கிய பில்லைப் படம் பிடித்து வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் எழுத்து நாளடைவில் மங்கிவிடும்.