கல்லைக் குறைத்துக் கட்டிய பாலம்

சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், சியாவ் ஆற்றின் மேல் நிற்கிறது ஜாவ்ஜோ பாலம். சுயி அரசர்கள் காலத்தில் லீ சுன் என்னும் கைதேர்ந்த கட்டுநர் எழுப்பியது, கி.பி. 605 வாக்கில் வேலை முடிந்தது. 1,400 ஆண்டுகளாக அதே வளைவு ஆற்றைத் தாண்டி நிற்கிறது.

கல் பெரும் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் விண்டுவிடும். நீளமான கற்பலகையை ஆற்றின் குறுக்கே போட்டால், பாரம் ஏறியதும் அதன் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் காணும். வளைவில் அந்த இழுவைக்கே இடமில்லை. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்க, பாரம் வளைவு வழியே இரு கரைகளிலும் இறங்கிவிடும்.

இந்தப் பாலத்தின் ஒற்றை வளைவு சுமார் 37 மீட்டர் அகலத்தைத் தாண்டுகிறது. அரைவட்டமாகக் கட்டியிருந்தால் 18 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கும்; வண்டிகள் ஏறியிருக்க முடியாது. நடு ஆற்றில் தூண்கள் நிறுத்தினால் படகுக்கும் வெள்ளத்துக்கும் தடை. லீ சுன் பெரிய வட்டம் ஒன்றின் சிறு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். உயரம் 7 மீட்டர் அளவில் அடங்கியது.

ஆனால் வளைவு தட்டையாக ஆக, கரைகளை வெளியே தள்ளும் விசை கூடும். அதைக் குறைக்கப் பாரத்தைக் குறைக்க வேண்டும். பெரிய வளைவின் இரு தோள்களிலும் கல்லை நிரப்பாமல், பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிறு வளைவுகளைத் திறந்துவிட்டார். எடை குறைந்தது, பெருவெள்ளம் வந்தால் அந்தத் திறப்புகள் வழியாகவும் நீர் ஓடிவிடும்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இன்னொரு நுட்பம் தெரியும். பெரிய வளைவு ஒரே கட்டு அல்ல. தோளோடு தோளாக நிற்கும் 28 தனி வளைவுகள். ஒன்றுக்குச் சாரம் கட்டி முடித்ததும், அதே சாரத்தை நகர்த்தி அடுத்ததைக் கட்டலாம். ஒரு வளைவு பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். தனித்தனி வளைவுகள் வெளிப்புறம் சாய்ந்துவிடாதபடி பாலத்தை உச்சியில் சற்றே குறுக்கினார்கள். குறுக்கே இரும்புக் கம்பிகள் கோத்தார்கள். கற்கள் சேருமிடத்தில் குழி வெட்டி, உடுக்கைபோல் இடை ஒடுங்கிய இரும்புத் துண்டுகளைப் பதித்தார்கள். இரு முனையும் அகன்றிருப்பதால் கல் விலகப் பார்த்தாலும் இரும்பு விடாது.

1933இல் கட்டடக்கலை அறிஞர் லியாங் சுசெங் இங்கு வந்து பாலத்தை அளந்து பதிவு செய்தார். 1966இல் அதே மாகாணத்தின் சிங்டாய் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தையும் பாலம் தாங்கிக்கொண்டது. இன்று கான்கிரீட்டில் எழும் பெரிய வளைவுப் பாலங்களும் தோள்களைத் திறந்தே விடுகின்றன. எங்கே கல் வேண்டாம் என்று கண்டுகொண்டதே லீ சுன்னின் மேதைமை.