டிரவுட்டும் தூண்டிலும்

தூண்டில் என்றதும் தாம்பரத்துக்காரர்களாகிய நமக்கு மூங்கில் கழியும் தக்கையும் மண்புழுவுந்தான் நினைவுக்கு வரும். ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் ஒரு கெளுத்தியாவது அகப்படும். நீலகிரியின் டிரவுட் மீனிடம் அந்த வித்தை பலிக்காது என்பதை விலங்கியல் சுற்றுலாவில் அவலாஞ்சி சென்றபோதுதான் அறிந்தேன்.

டிரவுட், ஓடும் நீரை எதிர்த்து நின்று, மிதந்து வரும் பூச்சிகளை உண்ணும். ஆகவே பிடிப்பவர் அதன் வாற்புறமிருந்து, நீரோட்டத்திற்கு எதிராக, ஓசையின்றி நடந்து நெருங்க வேண்டும். நிழல் விழுந்தால் மீன் பாறைக்கடியில் மறைந்துவிடும். இரையும் புழுவன்று, கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி. கனத்த கயிற்றைச் சாட்டைபோல் வீசி அதனை நீர்மேல் மெல்ல இறக்க வேண்டும்.

இம்மீன் நம் நாட்டதன்று. 1863-இல் பிரான்சிஸ் டே டிரவுட்டை இங்குக் கொண்டுவர முயன்று தோற்றார். வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட்டை இங்கு நிலைபெறச் செய்தவர் எச். சி. வில்சன். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் 1907-இல் அமைந்தது. தாய்மீனின் வயிற்றை இதமாக அழுத்தி முட்டையை எடுத்து, ஆண்மீனின் விந்தைக் கலந்து, ஓடும் குளிர்நீரில் வைப்பார்கள். 10 டிகிரி நீரில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பொரியும்.

நம் அடையாற்றில் விட்டால் என்ன? சாக்கடையை விடுங்கள், வெப்பமே கொன்றுவிடும். கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர், லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். வெப்பம் ஏற ஏற மீனின் தேவையோ கூடுகிறது.

கூடாரமடித்துத் தூண்டில் போடும் ஆசை எங்களுக்கும் இருந்தது. அருகிலுள்ள முக்கூர்த்தி, வரையாட்டைக் காக்க 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று. "உள்ளே கூடாரமும் கிடையாது, தூண்டிலும் கிடையாது தம்பி" என்றார் வனக்காவலர். அந்நாள் தூண்டிற்காரர்களின் நினைவாக 'பிஷிங் ஹட்' என்ற பெயர் மட்டும் அங்கே நிற்கிறது.

காட்டுயிரைக் காக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில், வந்தேறி மீனும் பாதுகாப்புப் பெற்றுவிட்டது! டிரவுட்டோ ஊன் தின்னி, தலைப்பிரட்டையையும் விடாது. உலகில் வேறெங்குமில்லாத தவளைகள் வாழும் மலை இது. அணைகளில் டிரவுட்டை வளர்க்கட்டும். பூங்கா ஓடைகளில் இனி ஒரு குஞ்சும் விடலாகாது என்பது என் கருத்து. எங்கள் பேராசிரியர் இதை ஒப்பவில்லை. நூறாண்டுக்கு மேல் குடியிருப்பதை அந்நியன் என்பதா என்று கேட்டார். உதகை பேருந்து நிலையம் வரும்வரை வாதாடினோம்.